மூக்கு வேறாக இருந்த படகு

எங்கள் மகளிர் குழுவில் பத்தாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான். அதனால், செல்போனில் வரும் பொய்ச் செய்திகளைக் கண்டுபிடிக்கும் பயிற்சிக்கு என்னைச் செங்கல்பட்டுக்கு அனுப்பினார்கள். நாள் முழுக்கக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. மனதில் நின்றது ஒன்றுதான்: செய்தி சொல்லும் ஊரும் படத்தில் இருக்கும் ஊரும் ஒன்றா என்று பார்க்க வேண்டும்.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மீனவக் குப்பம் எங்களுடையது. திரும்பி வந்து குழுவில் அதைச் சொன்னபோது பாதி வார்த்தை வெளியே கேட்கவில்லை.

"இன்னாமே டீச்சரு, வாய்க்குள்ளயே பாடம் நடத்திகினு கீறே? சத்தமா சொல்லு" என்றாள் என் அண்ணி. எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. மதியம் நம் கரையில் அலை ஏறும், வலைகளை மேலே இழுத்துவிடுங்கள் என்று. கூடவே ஒரு படம். அண்ணன் வெளியூர் போயிருந்தார். அவருடைய வலை தண்ணீர் ஓரமாகக் குவிந்து கிடந்தது. அண்ணி போனோடு என்னிடம் ஓடி வந்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம்.

"இது நம்ம போட்டே இல்லமே. மூக்கப் பாரு, எப்டி தூக்கிகினு கீது!"

படகின் மூக்கைப் பார்த்தாலே எந்தக் கரை என்று எங்கள் பெண்கள் சொல்லிவிடுவார்கள். எனக்கும் தெரிந்தது. படித்த பாடம் அப்படியே பலித்த மாதிரி இருந்தது.

"அப்போ பொய்தான் அண்ணி" என்றேன். அவ்வளவு உறுதியாக நான் எதையும் சொன்னதில்லை.

மதியம் அலை ஏறியது. மற்ற வீட்டு ஆண்கள் அவரவர் வலையை அவசரமாக இழுத்தார்கள். முழு வலையை இழுக்க எங்களுக்கு ஆள் இல்லை. பாதி வலையைக் கடல் கொண்டுபோனது. மீதி மணலில் புதைந்தது.

மறுநாள் இருவரும் மணலைத் தோண்டினோம். படம் பொய், செய்தி நிஜம். இரண்டும் ஒன்றாக வருமா? இதைச் செங்கல்பட்டில் சொல்லித்தான் இருந்தார்களா, நான்தான் கவனிக்கவில்லையா?

அண்ணியின் போனில் இன்னொரு செய்தி வந்தது. "இன்னிக்கும் ஏறுமாம். படமே இல்ல. நெசமா, பொய்யா?"

"தெரியல அண்ணி."

"இத்த கத்துக்கவா பஸ் ஏறிப் போனே?" என்றபடி வலையின் ஒரு முனையை என் பக்கம் தள்ளினாள். சவுக்குத் தோப்பு வரை இழுத்துக்கொண்டு போனோம்.

அன்று கடல் அசையவே இல்லை. "பாத்தியா, பொய்யி" என்றாள் அண்ணி. அதற்கும் தலையாட்டலாமா என்று எனக்குத் தெரியவில்லை.