நெடில் சொல்லப் பழகிய சனிக்கிழமைகள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். இப்பவும் அப்படித்தான் என்று என்ர மனுசன் சொல்வார். எண்பதுகளின் நடுவில் நாங்கள் மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பழைய மரவீட்டில் வாடகைக்கு இருந்தோம். யாழ்ப்பாணத்தில் அரிவரி வகுப்புச் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த நான், ஆக்லாந்தில் கிழமை நாட்களில் பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டினேன். சனிக்கிழமை காலையில் முன்னறையில் பாய் விரித்து, எங்கள் ஆட்களின் பிள்ளைகளை இருத்தி அ, ஆ சொல்லிக் கொடுத்தேன். பெட்டி ஒட்டிய அலுப்பு அதில் போகும் என்று நினைத்துத் தொடங்கியது. அதுகள் வேறு அலுப்பைத் தந்துவிட்டுப் போகும்.

குறிலுக்கு விரலை ஒருதரம் சொடுக்க வேண்டும், அதோடு சத்தம் முடிய வேண்டும். நெடிலை இரண்டு சொடுக்குப் போகும்வரை இழுக்க வேண்டும். சொடுக்க எல்லாருக்கும் விருப்பம், இழுக்கத்தான் ஒருவருக்கும் வராது. ஊரில் இதை நான் படிப்பித்ததே இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரைக் கூப்பிட்டு வளர்ந்த பிள்ளைக்கு நெடில் தானாக வரும். இங்கே யார் யாரைக் கூப்பிடுகிறார்கள்? கதவில் மணி, மேசையில் ரெலிபோன். குரல் கொஞ்சம் உயர்ந்தால் அடுத்த வீட்டு வெள்ளைக்காரர் என்னவோ ஏதோ என்று வந்து நிற்பார்.

அந்தப் பிள்ளைகளில் ஏழு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். நாலு வயதில் தாயோடு வந்தவள். தகப்பன் யாழ்ப்பாணத்தில் விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்தார். அது இந்தா வருது, அந்தா வருது என்று இழுபட்டது. அதற்குள் பிள்ளை தமிழை மெல்லக் கழற்றி வைத்துவிட்டாள். நான் தமிழில் கேட்டால் இங்கிலிஷில் பதில் வரும்.

யாழ்ப்பாணத்துக்கு ரெலிபோன் எடுக்க முடியாத காலம். எங்கள் ஆட்கள் கசெற்றில் கதைத்து, கொழும்புக்குப் போகிறவர் கையில் கொடுத்து விடுவார்கள். பதிலும் அப்படியே யாராவது கையில் வந்து சேரும். அப்படி வந்த ஒரு கசெற்றின் கடைசியில் தகப்பன் சொல்லியிருந்தார்: "என்ர குஞ்சு, அடுத்த கசெற்றில அப்பாவுக்கு அ, ஆ முழுக்கச் சொல்லவேணும். பாக்காமச் சொல்லவேணும்."

அதற்குப் பிறகு பிள்ளைக்கு வேறு நினைப்பே இல்லை. அடுத்த மாதம் எங்களில் ஒருவர் கொழும்புக்குப் போக இருந்தார். அதற்குள் பாடமாக்க வேண்டும். எழுத்து வந்தது, நெடில் மட்டும் வரவில்லை. ஆ என்று தொடங்கிப் பாதியில் விட்டுவிடுவாள். பிறகு கண் கலங்கும். அவளைப் பார்க்க எனக்கு ஏசவும் மனம் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை பாயைச் சுருட்டி வைத்துவிட்டு எல்லாரையும் வீட்டுக்குக் கிட்ட இருந்த புல்லு மலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான் மேலே ஏறி நின்றுகொண்டு, கீழே நின்றவர்களைக் கூப்பிடச் சொன்னேன்.

"ஆரை ரீச்சர்?" என்றாள் அவள்.

"ஆர் வரவேணும் எண்டு நினைக்கிறியோ, அவரைக் கூப்பிடு."

இரண்டு கையையும் வாயில் குவித்து, "அப்பா" என்று இழுத்தாள். மூச்சு முடியும்வரை இழுத்தாள். நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் நின்று திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

எங்கள் வீட்டுக் கசெற் ரேடியோவில்தான் பதிந்தோம். குறிலுக்குச் சொடுக்கி, நெடிலுக்குக் கண்ணை மூடிக்கொண்டு, ஒன்றும் பிழைக்காமல் சொல்லிக்கொண்டு வந்தவள் ஔ-வில் மூச்சு முட்டி இருமிவிட்டாள். திருப்பி எடுப்பம் என்றேன்.

"வேண்டாம் ரீச்சர். அப்பா சிரிப்பார்," என்றாள். முழுவதும் தமிழில் சொன்னாள்.

கசெற் கொழும்பைத் தாண்டவில்லை. அதற்கு முன்னம் ஷெல் விழுந்து தகப்பன் செத்துப்போனார். தாயின் வீட்டில் ரெலிபோன் இல்லாதபடியால் கொழும்பில் இருந்து செய்தி எங்களுக்குத்தான் வந்தது. நான்தான் போய்ச் சொன்னேன். கொண்டுபோனவர் கசெற்றைத் திருப்பிக் கொண்டுவந்து என் கையில் தந்தார். தாயிடம் சொன்னபோது, "நீங்களே வைச்சிருங்கோ அக்கா" என்றா. அலமாரியில் சீலைகளுக்கு அடியில் வைத்தேன்.

பிள்ளைக்கு இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டா. எங்கள் ஆட்களின் வழக்கம் அது. சாவை நேரே சொல்ல மாட்டோம். முதலில் சுகமில்லை என்போம், பிறகு கொஞ்சம் கடுமை என்போம், அப்படியே இழுப்போம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எதைச் சொல்ல? ஓம் என்றேன்.

தாய்க்குப் பொட்டுத்தான் பெரிய பாடு. எங்கள் சனத்துக்கு முன்னால் பொட்டோடு போக அவவால் முடியவில்லை. பிள்ளைக்கு முன்னால் பொட்டில்லாமல் நிற்கவும் முடியவில்லை. ஊரில் இருந்து வந்த, பொட்டு வைக்காத ஒரு மாமியைப் பார்த்து ஏன் என்று கேட்டு, காரணத்தைத் தெரிந்து வைத்திருந்தவள் பிள்ளை. அதனால் கைப்பைக்குள் ஒட்டுப் பொட்டு ஒன்று இருந்தது. காலையில் பொட்டோடு வந்து பிள்ளையை விடுவா. வாசல் படலை தாண்டியதும் எடுத்துவிடுவா. சனிக்கிழமையும் வேலை. முடிந்து வரும்போது எங்கள் வாசலில் நின்று ஒட்டிக்கொண்டு உள்ளே வருவா. நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பிள்ளையோ ஒவ்வொரு கிழமையும் அப்பாவின் பதில் வந்ததா என்று கேட்டாள். அடுத்த கசெற்றுக்கு என்று க, கா தொடங்கச் சொன்னாள். தொடங்கினேன். வேறென்ன செய்ய?

ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. தாய் பஸ்ஸால் இறங்கி ஓடி வந்து, தலையைத் துடைத்துக்கொண்டு நேரே முன்னறைக்குள் வந்துவிட்டா. பொட்டை மறந்துபோனா. எனக்குத்தான் முதலில் கண்ணில் பட்டது. சைகை காட்டவும் நேரம் இருக்கவில்லை.

பிள்ளை நிமிர்ந்து தாயின் நெற்றியைப் பார்த்தாள். கனநேரம் பார்த்தாள். தாய் கையை நெற்றிக்குக் கொண்டுபோனா. பிறகு அப்படியே பாயில் இருந்துவிட்டா. அவள் அழவில்லை. அப்பாவுக்கு என்ன நடந்தது என்றும் கேட்கவில்லை.

"அப்பா என்ர கசெற்றைக் கேட்டவரோ?" என்றாள்.

தாய் என்னைத்தான் பார்த்தா.

"கேட்டவர்," என்றேன்.

"இருமினதையுமோ? சிரிச்சவரோ?"

"ஓம் குஞ்சு, சிரிச்சவர்," என்றேன்.