ஜன்னல் வழியே வந்த தூண்டில்

பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டில் அந்த பிளாக்கிலேயே முதன்முதலில் டிகிரி வாங்கியவள் எஸ்தர். தி.நகரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. வாரக்கடைசியில் லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி வாங்கும் அளவுக்கு அங்கே அவளுக்கு நல்ல பெயர்.

அண்ணன் பிரபாகர் குடும்பத்து மீன்பிடிப் படகை விட்டுவிட்டுச் சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்குப் போனதிலிருந்து, நைனா அருளப்பன் அவனோடு பேசுவதில்லை. அவன் போன் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். தொண்ணூற்றொன்பதில் பிரபாகர் டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டி இரண்டு வாங்கி, ஒன்றை வீட்டுக்கு அனுப்பினான். உள்ளே மீன்பிடி ஆட்டம். இன்டர்நெட் இருந்தால் அவன் அங்கிருந்தும் நைனா இங்கிருந்தும் மாறி மாறித் தூண்டில் போடலாம். வாய் திறக்க வேண்டியதில்லை. எஸ்தர் அந்த வாய்ப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் அந்தப் பெட்டிக்கு டெலிபோன் கம்பி வேண்டும். வீட்டில் இருந்ததோ புதிதாய் வந்த கம்பியில்லாப் போன். ஜன்னலோரம் இருந்த அதன் சின்னப் பெட்டி காற்றிலேயே சிக்னல் வாங்கும். லேப்டாப்பை அதில் மாட்டினால் இன்டர்நெட் வரும். அதையே கேம் பெட்டிக்கும் பங்கு போட்டால்? லேப்டாப்பிலிருந்து ஒரு போன் ஒயரை இழுத்தாள். நடுவில் ரேடியோ பேட்டரி ஒன்றைச் சேர்த்து, மறுமுனையில் நிஜ டெலிபோன் லைன் இருப்பதாகவே கேம் பெட்டியை நம்பவைத்தாள். எத்தனையோ ஞாயிறுகள் வீணாயின. அசரவில்லை.

கடைசியில் ஒருநாள் சாயங்காலம் அண்ணனின் படகு டிவியில் வந்து நின்றது.

“ஜன்னல மட்டும் யாரும் சாத்தாதீங்க. தகரக் கதவு குறுக்க வந்தா சிக்னல் பூடும்,” என்றாள் எஸ்தர்.

டிவிக்கு முதுகு காட்டி வலை பின்னிக்கொண்டிருந்த அருளப்பன் திரும்பிப் பார்த்தார். “இன்னா மீனுடி இது? வஞ்சரத்துக்கு இப்டியா வாலு இருக்கும்?”

“நீ புட்சு காட்டேன் நைனா.”

“ஆமா, எனக்கு வேற வேல இல்ல.” சொல்லிக்கொண்டே ஆட்டத்தின் கைப்பிடியைக் கை நீட்டி வாங்கினார். பெரிய மீனாகப் பிடித்தார். அடுத்தது பிரபாகர் முறை. அவன் தூண்டிலில் ஏதோ சிக்கி, கயிறு விறைத்த நேரத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது.

கடல்காற்று அடுப்பை அணைக்கிறதென்று, தினம் சாயங்காலம் செய்வதுபோலவே, அம்மா ஜெசிந்தா ஜன்னலைச் சாத்தியிருந்தாள்.

எஸ்தர் வாய் திறக்குமுன் அருளப்பன் குதித்து எழுந்தார். “ஏம்மே, தொறமே! புள்ள அங்க தூண்டில புட்சிகினு நிக்கிறான்!”

ஜெசிந்தா கரண்டியும் கையுமாக அப்படியே நின்றாள். அவர் அவனைப் பிள்ளை என்று சொல்லி எத்தனை நாளாயிற்று! எஸ்தர் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் மறுபடி இணைப்புக் கொடுத்தாள்.

“அதுல எய்தி அனுப்பலாம்னியே,” என்றார் அருளப்பன். “மொரட்டுத்தனமா இழுக்காதடா, கவுறு அறுந்துடும்னு போடு.”

ஒவ்வோர் எழுத்தாக அனுப்பினாள். பதில் வந்தது.

“சரி நைனாங்கிறான்.”

அருளப்பன் ஜன்னலோரம் போனார். காற்றில் சாத்திக்கொள்ளாமலிருக்க, ஆட்டம் முடியும்வரை அந்தத் தகரக் கதவைக் கையாலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.