மடை திறந்த நாள்

அகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் குளத்தை மீன் வளர்க்கக் குத்தகைக்கு எடுத்தவள் என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. மாமா ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டினார். வீடு தங்குவது அபூர்வம். தனக்கென்று ஒரு தொழில் வேண்டுமென்று அத்தை பிடிவாதமாக இறங்கினாள்.

குஞ்சுகள் வந்த அன்று நான் பள்ளிக்கு மட்டம். காற்றடைத்த பாலித்தீன் பைகளில் விரலளவு மீன்கள் துடித்தன. உடனே குளத்தில் கொட்டப்போன என் கையை அத்தை பிடித்துக்கொண்டாள்.

"செத்த நேரம் பையோட மிதக்கட்டும் தாயி. குளத்துச் சூடு அதுகளுக்குப் பழகணும்ல."

அதன்பின் தினமும் தவிடும் புண்ணாக்கும் சுமந்து போனாள். திண்டுக்கல்லில் ஐஸ் பெட்டியோடு ஒரு மீன்கடை போடுவேன் என்று அவள் சொன்னபோது ஊரே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை; கடைக்கு இடம் பார்க்கிறேன் என்றார்.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. குளத்தை நம்பி நட்ட நெல், பால் பிடிக்கிற நேரத்தில் வாடியது. மீன்களோ அப்போதுதான் உள்ளங்கை அகலம் வந்திருந்தன. மடையைத் திறந்தால் மிஞ்சும் தண்ணீரில் அவை பிழைக்காது. கரையில் கூடிய விவசாயிகள், தங்கையிடம் அவரே பேசட்டும் என்று அப்பாவின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் வயலும் அதே மடையில்தான் பாய்ந்தது.

"அண்ணே, இன்னும் ரெண்டு மாசம் பொறுத்தாப் போதும். ஒவ்வொண்ணும் அரைக் கிலோ தேறிரும்."

"ரெண்டு மாசத்துல பயிரு வைக்கோலாப் போயிரும் ஆத்தா. நான் என்ன செய்ய, நீயே சொல்லு."

அத்தை தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "தொறங்க" என்றாள்.

அப்பாதான் மடைப் பலகையைத் தூக்கினார். தண்ணீர் வடிய வடிய, சேற்றில் நின்று அத்தை வலை இழுத்தாள். அந்தப் பொடி மீன்களை வாங்க ஆளில்லை. பாதியைக் கொக்குகள் தின்றன. கடைப் பேச்சு அதோடு நின்றுபோனது.

நெல் விளைந்தது. முதல் மூட்டையை அப்பா அத்தை வீட்டில் இறக்கினார். அவள் அந்த அரிசியைச் சமைத்து எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டாள். இலையில் சோறு விழுந்ததும் நான் கேட்டேன்:

"ஏன் அத்தை, மீன் வைக்கலையா?"

"கத்தரிக்கா கொழம்பு நல்லாருக்கும் தாயி, சாப்பிடு" என்று அத்தை சிரித்தாள்.

அப்பா பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்திருந்தார். கண்கள் கலங்கியிருந்தன. குழம்பில் காரம் கூடிவிட்டது போலும் என்று நினைத்து, தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.