பிழை பிடித்த பேனை

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், சென்ட் லோரன்ட் மருந்துத் தொழிற்சாலையில் என்னோடு பெட்டி அடுக்கியவர், ஊரில் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிப்பித்தவர். அரசாங்கத்தைப் பற்றி வகுப்பில் சொன்னதை யாரோ குறிப்பெடுத்துப் பொலிசுக்குக் கொடுத்துவிட, நாட்டைவிட்டுத் தப்பி வந்தவர். நரைத்த தாடி. சுவரில் முதுகு சாய்த்துத்தான் உட்காருவார். சாப்பாட்டு வேளையில் சரித்திரம் கதைப்பார். யாராவது பேனை எடுத்தால் நிறுத்திவிடுவார்.

ஒருநாள் எடுத்தது நான். அவர் முகம் வெளிறியது.

"என்ன எழுதுறியள்?"

"நீங்கள் சொன்ன ஆண்டு பிழை, அண்ணை. பேந்து கேப்பமெண்டு குறிச்சனான்."

கடதாசியை வாங்கிப் பார்த்தவர் கண்ணீர் வரச் சிரித்தார்.

"பிழை பிடிக்கவோ? நான் என்னைப் பிடிக்கவெண்டெல்லோ நினைச்சன்!"

மறுநாளிலிருந்து அவரே பேனையை என் பக்கம் தள்ளிவிட்டுத்தான் கதைக்கத் தொடங்குவார். தினமும் ஓர் ஆண்டாவது பிழையாக வரும். வேண்டுமென்றேதான் பிழைவிட்டாரோ என்று இன்றும் யோசிக்கிறேன்.