மேல் முரசில் ஒரு கட்டியும் என் அண்ணையும்

நான் பெற்ற பிள்ளை என் மடியிலேயே பசியால் போய்விடும் என்று இருந்த ஒரு கிழமையை, ஏழு நாட்களைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். எனக்குப் பிரசங்கம் வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

1992 ஐப்பசி. அடைமழை. கணவர் கொழும்பில், போரால் பாதை அடைபட்டு வர முடியவில்லை. மருதனார்மடத்தில் அவருடைய அக்காவான என் மச்சாளின் வீட்டில் என் மகள் பிறந்தாள். அழ வாய் திறந்தபோதே கண்டோம். மேல் முரசின், பல் முளைக்கும் ஈறின், முன்பக்கத்தில், புளியங்கொட்டை அளவில், இளஞ்சிவப்பாய் ஒரு கட்டி தொங்கிக்கொண்டிருந்தது. மார்பில் வைத்தால் வாய் பொருந்தாது. கரண்டியால் ஊற்றினால் பாதி கடைவாயால் வழிந்துவிடும். நாளுக்கு நாள் அவளுடைய அழுகைச் சத்தம் குறைந்தது. எனக்கு அதுதான் பயம்.

மற்றவர்களுக்கு வேறு பயம். மேல் பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்குக் கூடாது என்பார்கள் எங்கள் பக்கத்தில்.

"உது பல்லுத்தான். மேலாலை தசை மூடியிருக்கு," என்றார் மச்சாள். "உன்ரை அண்ணைக்குச் சொல்லிப்போடாதை. அவன் இந்தப் பக்கமே வரக்கூடாது. நான் நூல் கட்டி விடுறன், காய்ஞ்சு விழுந்திடும்."

மச்சாள் கெட்டவர் அல்ல. எனக்குப் பத்தியக்கறி வைத்துத் தந்தவர். ஆனாலும் கையில் நூலோடு வந்தவரைக் கண்டதும் பிள்ளையை இறுக்கிக்கொண்டேன்.

"என்ரை பிள்ளையின்ரை வாயிலை ஒருத்தரும் கை வைக்க ஏலாது."

அறைக்குள் போய் முழங்காலில் நின்றேன். அதை ஜெபம் என்று சொல்ல மாட்டேன். ஆண்டவரோடு சண்டை பிடித்தேன். வாயைப் படைத்த உமக்கு அதற்குள் பால் இறக்கத் தெரியாதா என்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஓர் ஆளை அனுப்பும், அண்ணையை மட்டும் அனுப்பாதேயும் என்றேன். எனக்கு இருந்தது ஒரே அண்ணை. ஊர்ப்பேச்சு பொய்யென்று வாய் சொன்னாலும் நெஞ்சு நம்பியது. பதில் வராமல் எழும்ப மாட்டேன் என்று அப்படியே நின்றேன்.

வாசல் படலையில் சைக்கிள் மணி கேட்டது. சந்தையில் வெங்காயம் விற்கும் என் அண்ணை. மழைக்குச் சந்தை கலைந்துவிட, மருமகளைப் பார்க்க வந்திருந்தார். மச்சாள் ஓடிப்போய் மறித்தார்.

"உள்ளுக்கு வராதை தம்பி. பிள்ளைக்கு மேல் பல்லு."

"ஷெல்லுக்கும் குண்டு போடுற பொம்பருக்கும் தப்பின என்னை உந்தப் பச்சைமண்ணின்ரை பல்லோ அக்கா கொல்லப்போகுது? தள்ளி நில்லுங்கோ, நனையிறன்."

உள்ளே வந்து பிள்ளையின் வாயைப் பார்த்தார். "வெளிக்கிடு, ஆஸ்பத்திரிக்கு" என்றார். அவ்வளவுதான்.

சைக்கிளின் பின்னால் பிள்ளையோடு இருந்து, குடை பிடித்தபடி கேட்டேன். "பயமில்லையோ அண்ணை?"

"இருக்குத்தான். சைக்கிள் மிதிக்கிறது காலாலைதானே."

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டொக்டர் டோர்ச் அடித்து, கட்டியை விரலால் மெல்ல அசைத்துப் பார்த்தார். மச்சாள் கொண்டுவந்த நூலைப் பற்றியும் சொன்னேன். "இது பல்லுமில்லை, புற்றுநோய் மாதிரியும் தெரியேல்லை. பிறக்கேக்கையே முரசிலை வாற தசைக்கட்டி. சிலதுகள் தானாச் சுருங்கும். பிள்ளை பால் குடிக்காததாலை வைச்சிருக்க ஏலாது, எடுத்துவிடுவம். நல்லகாலம், நூல் கட்டேல்லை. கட்டியிருந்தால் இரத்தம் போய், கிருமி பிடிச்சிருக்கும்."

விறைக்க ஊசி போட்டு வெட்டி, தையல் போட்டார்கள். துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அன்று பின்னேரமே என் மகள் என் மார்பைப் பற்றி இழுத்தாள். நொந்தது. அந்த நோவுக்கு இன்றும் ஸ்தோத்திரம் சொல்கிறேன். பரிசோதனை முடிவிலும் கெட்டது எதுவும் இல்லை.

மாதங்கள் கழித்து அவளுக்கு முதல் பல் முளைத்தது. மேல் முரசில்தான். மச்சாளின் முகம் செத்துப்போனது. அண்ணையோ, "பல்லுக்கொழுக்கட்டை அவியுங்கோ, நான்தான் கொட்டுவன்," என்று வந்து நின்றார். எல்லோரும் பார்க்க, முதல் பல்லுக்குச் செய்யும் வழக்கப்படி மருமகளின் தலையில் வெள்ளைத்துணி விரித்து, கொழுக்கட்டைகளைக் கொட்டினார். ஒன்றைப் பொறுக்கித் தன் வாயில் போட்டுக்கொண்டு, "உப்புக் காணாது அக்கா," என்றார். மச்சாளே சிரித்துவிட்டார்.

இன்று 1995. மகள் கரும்பு கடிக்கிறாள். அண்ணை இன்று காலையும் சந்தைக்குப் போனார். நான் இப்போது எந்தக் கூடாத நாளுக்கும் கூடாத பல்லுக்கும் தலை குனிவதில்லை.

பிள்ளைக்கு ஒன்றென்றால் நூலைத் தூக்கி அடுப்பில் போடுங்கள். ஆண்டவரோடு சண்டை பிடியுங்கள், அவர் கோபிக்க மாட்டார். யாரை அனுப்பாதேயும் என்று கேட்டீர்களோ, அவரே படலையில் வந்து நிற்கக்கூடும். திறந்துவிடுங்கள்.