பின்னால் தள்ளிய சீட்

எங்கள் ஆஸ்பத்திரி ஜீப்பைச் செய்தவர்கள் அதை மேடு ஏறவும் ஓடையில் இறங்கவும் செய்திருந்தார்கள். ஓட்டுகிறவருக்குக் கால் இருக்கும் என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள். எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலுக்கு டாக்டராக வந்த எனக்கோ கால்தான் முக்கால்வாசி. டிரைவர் துபாய்க்குப் போய்விட்டதால் குருவிகுளம் பக்கத்து ஊர்களுக்கு நானே ஓட்டிப் போனேன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் முட்டியில் இடிக்கும். பள்ளத்தில் விழுந்து எழுந்தால் படுதாவைத் தாங்கும் இரும்புக் கம்பி உச்சந்தலையில் ஆசீர்வாதம் செய்யும்.

பட்டறைக்காரரிடம் சொன்னேன். "டாக்டரம்மா, கொஞ்சம் குனிஞ்சு ஓட்டிப் பாருங்களேன்" என்றார்.

எனக்கு இது புதிதில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் போகும்வரை நாற்காலியை விட்டு எழக் கூடாது என்பது எங்கள் அம்மாவின் சட்டம். இரண்டு முறை மறந்துபோய் எழுந்துவிட்டேன். இரண்டு குடும்பமும் ஜெபம் பண்ணிவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லிப் போயின. ஆண்டவர் அவர்களுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை போலிருக்கிறது.

"நான் குனிய மாட்டேன் அண்ணாச்சி, ஜீப்பைக் குனிய வையுங்க" என்றேன்.

சீட்டுக்கு அடியிலேயே பெட்ரோல் டேங்க் இருந்ததால் வெல்டிங் வைக்க அவர் மறுத்துவிட்டார். ஒரு சாண் பின்னால் ஓட்டை போட்டு, சீட்டை அங்கே நகர்த்தி, நாலு போல்ட்டில் முடுக்கினார். தடித்த மெத்தையை எடுத்துவிட்டு ஒல்லியாக ஒன்று தைத்துப் போட்டார். பின்னால் உட்காரும் கம்பவுண்டரின் கால்பாடு அவர் பாடு. அன்றைக்கு ஒரு வேலையும் இல்லாமல் வாசுதேவநல்லூர் வரை ஓட்டிப் போய் வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

என்னைவிட அம்மாவுக்குத்தான் அதிகச் சந்தோஷம். தாழ்ந்த சீட்டில் நான் எல்லோரையும் போல் தெரிந்தேனாம். அடுத்த மாப்பிள்ளை பாளையங்கோட்டையிலிருந்து தகப்பனாரோடு வந்தபோது அம்மா திட்டத்தோடு இருந்தாள்.

"ஏட்டி, பஸ் ஸ்டாண்டுல நாம போய்க் கூட்டிட்டு வருவோம். நீ இறங்கவே இறங்காத. வீட்டு வாசல்ல விட்டுட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போயிரு. அவசரக் கேசுன்னு நான் சொல்லிக்கிடுதேன்."

பஸ் ஸ்டாண்டில் எல்லாம் சரியாகவே நடந்தது. மாப்பிள்ளை எனக்கு வணக்கம் சொன்னார், நானும் உட்கார்ந்தபடியே சொன்னேன். அவருடைய தகப்பனார் ஜீப்பைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏலே, பொம்பளப் பிள்ளை ஓட்ட நாம உக்காந்து போறதா? ஊரே பார்க்குது. நீ ஓட்டு."

மாப்பிள்ளை என் பக்கம் வந்து நின்றார். அம்மா பின்னாலிருந்து என் தோளை அமுக்கிப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் இறங்கினேன். மாப்பிள்ளையின் பார்வை மேலே, இன்னும் மேலே என்று வந்து என் முகத்தைக் கண்டுபிடித்தது. நல்ல மனிதர், முகம் சுளிக்கவில்லை. ஏறி உட்கார்ந்தார். கிளட்சு எட்டவில்லை. சீட்டின் நுனிக்கு நகர்ந்தார், அப்போதும் எட்டவில்லை.

"சீட்டை முன்னால இழுக்க முடியாதோ?" என்றார் தகப்பனார்.

"அதுக்கென்ன அண்ணாச்சி, கல்யாணத்துக்கு முந்தி பழையபடி ஆக்கிருவோம்" என்றாள் அம்மா.

கல்யாணம் என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்து நான் கேட்டதில்லை. நான் தலையை ஆட்டியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

"நாலு போல்ட்டுதான். ஈசியாக் கழத்திரலாம்" என்றேன். "ஆனா கழத்த மாட்டேன்."

மறுபடி நானே ஓட்ட, அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள், காப்பி குடித்தார்கள், ஜெபம் பண்ணிச் சொல்வதாகச் சொன்னார்கள், பஸ் ஏறினார்கள். அம்மா சாயங்காலம் வரை பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"போயும் போயும் ஒரு சீட்டுக்காக நல்ல இடத்தை விட்டுட்டியேட்டி" என்றாள் கடைசியில்.

"சீட்டை முன்னால தள்ளுனா யாரும்மா குனியணும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா என் கண்ணைத் துடைக்க வந்தாள், அவளுக்கு எட்டட்டும் என்று பழக்கத்தில் நான் உட்காரப் போனேன்.

"நில்லுட்டி" என்று சொல்லி, ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் ஏறிக்கொண்டாள்.