சாலாக் செலாத்தானில் யாரும் எண்ணிச் சொல்வதில்லை

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்குக் கோலாலம்பூர் விமான நிலையத்தில் இறங்கினேன். கோவையிலிருந்து திருச்சி வரை பேருந்து, அங்கிருந்து நான்கு மணி நேர விமானம். கால் வீங்கி, தோள் இறுகி, தலை கனத்துக் கிடந்தது. நகரம் அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. ஐம்பத்தைந்து ரிங்கிட் கொடுத்தால் விரைவு ரயில் அரை மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். பேருந்து மலிவுதான். ஆனால் அன்று மாலையே எனக்குப் பயிற்சி இருந்தது. போகட்டும் என்று ரயிலில் ஏறிவிட்டேன்.

எதற்குப் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கோவை கணபதியில் ஒரு பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியை. வயது முப்பத்தொன்பது. பதினோரு வருடமாகக் குங்ஃபூ பழகுகிறேன். கறுப்புப் பட்டை வாங்கினால் பெண்பிள்ளைகளுக்குச் சொந்தமாக வகுப்பு நடத்தலாம். அதற்கான தேர்வில் இரண்டு முறை தோற்றுவிட்டேன். தேர்வாளர் குத்து வாங்குகிற தோல் பட்டையை உள்ளங்கையில் மாட்டிக்கொண்டு நிற்பார். கண் இமைக்கும் நேரம் அதை நம் பக்கம் திருப்பித் திறந்து காட்டி மூடுவார். மூடுவதற்குள் குத்த வேண்டும். ஐந்தில் மூன்று விழுந்தால் பாஸ். இரண்டு முறையும் எனக்கு ஒன்றுதான் விழுந்தது. மூன்றாவது முறை எங்கள் கலையின் தாய்ப்பள்ளியில்தான் தேர்வுக்கு நிற்க முடியும், அதற்கப்புறம் வாய்ப்பே கிடையாது. அந்தத் தாய்ப்பள்ளி கோலாலம்பூரின் தெற்கே, சாலாக் செலாத்தானில் இருக்கிறது.

"கை வேகம் வயசோட போயிரும்மா. நீ தனியா ஆடிக் காட்டுற ஆட்டமுறைய மட்டும் பாத்துக்க" என்று எங்கள் மாஸ்டர் சொல்லிவிட்டார். என் கணவரோ, "காசு செலவு பண்ணி ஃப்ளைட் ஏறிப் போய் அடி வாங்கப் போற" என்று சிரித்தார். சிரிக்கட்டும். காலாண்டு விடுமுறை வந்ததும் பெட்டியைக் கட்டிவிட்டேன்.

நகரத்தின் தமிழர் பகுதியான பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு நாளைக்குத் தொண்ணூறு ரிங்கிட் வாடகையில் அறை. கீழே பூக்கடை, எதிரே வாழையிலைச் சாப்பாடு, பக்கத்தில் சேலைக்கடை. நம்மூர் ஒப்பணக்கார வீதியில் நிற்கிற மாதிரிதான் இருந்தது, ஆனால் வண்டிகள் சிவப்பு விளக்குக்கு நின்றன. நடைபாதையில் பார்வையற்றவர்களுக்காக மேடுபள்ளமாக மஞ்சள் கல் பதித்திருக்கிறார்கள். கோல் தட்டிக்கொண்டு அதன் மேல் போகிறவர்கள் என்னைவிட வேகமாக நடந்தார்கள்.

மாலை ஐந்து மணிக்கு வானம் பிளந்து ஊற்றியது. சாலாக் செலாத்தானுக்கு ரயிலில் இரண்டு ரிங்கிட்டுக்குள் போகலாம். மழையில் நிலையம் வரை நடக்க முடியாமல் கார் வரவழைத்தேன். ஓட்டியவர் தமிழர், ஐம்பது வயதிருக்கும்.

"ஆன்டி, இந்தியாவா? சொந்தக்காரங்க வீட்டுக்கா?"

"குங்ஃபூ பழக வந்திருக்கேங்க."

கண்ணாடியில் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அலாமா! என் பொண்டாட்டி மாடிப்படி ஏறுறதுக்கே மூச்சு வாங்குறா லா. நீங்க அடிச்சு பழகுறீங்க. நல்லா அடிங்க ஆன்டி."

என்னைவிடப் பத்து வயது மூத்தவர் வாயில் 'ஆன்டி' வந்தது எரிச்சலாக இருந்தது. இங்கே அது மரியாதை, பேச்சுக்குப் பேச்சு வரும் 'லா' நம்மூர் 'பா' மாதிரி என்று பிறகுதான் தெரிந்தது.

பள்ளி ஓர் இரும்புச் சாமான் கடையின் மாடியில். உள்ளே போனதும் குருமார்களின் படத்துக்கு மூன்று ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட வேண்டும், அதெல்லாம் கோவையிலும் உண்டு. தலைமை ஆசானான சிஃபு லியோங் அறுபதைத் தாண்டியவர், துறைமுக ஊரான கிள்ளானில் தமிழர்கள் நடுவில் வளர்ந்தவர். "சாப்டாச்சா?" என்று தமிழிலேயே கேட்டார். அவர்தான் தேர்வாளர் என்பதால் எனக்குப் பயிற்சி கொடுக்க மாட்டார். அந்த வேலையைக் கோமதி என்ற பெண்ணிடம் விட்டிருந்தார். கோமதிக்கு முப்பது வயது. கிள்ளான் துறைமுகத்தில் லாரிகளை அனுப்பும் அலுவலகத்தில் வேலை. இந்தப் பள்ளியின் சிங்க நடனக் குழுவில் பெரிய மேளம் அடிப்பதும் அவள்தான்.

கோவையில் எங்கள் வகுப்பு எண்ணிக்கையில் ஓடும். மாஸ்டர் "யாட், யீ, ஸாம்" என்று கான்டனீஸில் எண்ணுவார், ஒவ்வொரு எண்ணுக்கும் முப்பது பேர் ஒரே குத்து. நான் எண்ணிக் காட்டியதும் லியோங் விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் கொங்கு உச்சரிப்பு அவரை அந்தப் பாடு படுத்திவிட்டது. இங்கே பெரியவர்கள் வகுப்பில் யாரும் எண்ணுவதே இல்லை. கோமதி மேளம் அடிப்பாள், அவரவர் பாட்டுக்குக் குத்துவார்கள். மேளம் திடீரென்று நிற்கும், திடீரென்று ஓடும். முதல் நாள் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

புதன்கிழமை மாலை முழுக்கக் கையைப் பிரித்து மேய்ந்தாள் கோமதி. "அக்கா, ஃபிஸ்ட்ட இப்பவே டைட் பண்ணாதீங்க. படுற நேரத்துல மட்டும் மூடுங்க. தோள் ஏறக் கூடாது, எல்போ முன்னால போகணும். போன வேகத்துலயே திரும்பி வரணும்." தொங்கவிட்ட காகிதத்தைக் குத்தினேன். முதலில் காகிதம் ஊஞ்சலாடியது. வகுப்பு முடிவதற்குள் பட்டென்று சத்தம் கேட்டது. ஆக, கை வேகமாகத்தான் இருந்தது. ஆனால் கோமதி பட்டையை எடுத்துத் திறந்து மூடிக் காட்டினால் மட்டும் நான் காற்றைத்தான் குத்தினேன். பத்துத் தடவை திறந்தாள். ஒன்று விழுந்தது.

அன்று பிரிக்ஃபீல்ட்ஸுக்குத் திரும்பும் ரயிலில் எனக்கு அழுகை வந்தது. அழுதேன். எதிரே உட்கார்ந்திருந்த சீனப் பாட்டி ஒரு டிஷ்யூவை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். மாஸ்டர் சொன்னது சரிதானோ, வீட்டில் சும்மா இருந்திருக்கலாமோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. மறு நிமிடமே என் மேல் எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் வந்தது மூக்கைச் சிந்துவதற்கா?

வியாழன் மாலை கோமதி கைப்பேசியைத் தன் தோளுக்குப் பின்னால் நிறுத்திப் படம் பிடித்தாள். என் முகம் நேராக விழும்படி வைத்திருந்தாள். ஓட்டிக் காட்டிவிட்டு நிறுத்தினாள்.

"அக்கா, உங்க கண்ண பாருங்க. எங்க பாக்குறீங்க?"

பார்த்தேன். எனக்கே வெட்கமாகிவிட்டது.

"நீங்க பட்டைய பாக்கவே இல்ல. என் வாய பாக்குறீங்க. யாராச்சும் நம்பர் சொல்லுவாங்கன்னு வெயிட் பண்றீங்க. கை ஸ்லோ இல்லக்கா. கை பர்மிஷன் கேக்குது!"

பதினோரு வருடம் மாஸ்டர் எண்ணினார், நான் குத்தினேன். பகலெல்லாம் பள்ளி மைதானத்தில் நான் விசில் ஊதினேன், பிள்ளைகள் குனிந்து நிமிர்ந்தார்கள். உத்தரவு வராமல் ஓர் அடி எடுத்து வைக்கிற பழக்கமே எனக்கு இல்லை என்பது அந்தச் சின்னத் திரையில் பளிச்சென்று தெரிந்தது. எண்ணிக் குத்துகிற வகுப்பில் வளர்ந்தவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய வியாதி இது. வயதுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அடச்சீ, இதற்கா இரண்டு தேர்வைக் கோட்டை விட்டேன்!

வெள்ளியன்று கோமதி முகக்கவசம் போட்டு வாயை மறைத்துப் பார்த்தாள். நான் அவள் கண்ணைப் பார்க்க ஆரம்பித்தேன். "சரி வராது. நாளைக்கு வீட்டுக்கு வாங்க, வேற வைத்தியம் பாப்போம்" என்றாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிள்ளான் ரயில். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது, கட்டணம் ஐந்து ரிங்கிட்டுக்குள். நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் தமிழர் கடைத்தெரு. மாலை கட்டுகிறவர்கள், நகைக்கடைகள், பலகாரத் தட்டுகள். கோமதி தன் அடுக்குமாடி வீட்டின் கீழே கார் நிறுத்துமிடத்தில் பட்டையோடு காத்திருந்தாள். அவளுடைய வைத்தியம் என்ன தெரியுமா? வாய் ஓயாமல் பேசுவது.

"அக்கா, நேத்து பாசார்ல மீன் வாங்கினேன். அந்த ஆள் என்னா வெல சொன்னாரு தெரியுமா?" பட்டை திறந்து மூடியது. நான் மீன் விலைக்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.

"மீனு கெடக்கட்டும், குத்துங்க லா! என் வாய்க்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

அலுவலக மேலாளரைத் திட்டினாள், தங்கை கல்யாணத்தைப் பற்றிப் புலம்பினாள், என் கணவர் எப்படி என்று கேட்டாள். நான் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும்போது பட்டை திறக்கும். மேல் மாடியில் துணி காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். மதியம் நண்டுக் குழம்பும் சோறும் போட்டாள். சாப்பிட்ட கையோடு மறுபடி ஆரம்பித்தோம். நான்கு மணி வாக்கில், "எங்க மாமியார் இருக்காங்களே, அவங்க..." என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது என் கை தானாகப் போய்ப் பட்டையில் விழுந்து திரும்பியது. குத்தியது எனக்கே அப்புறம்தான் தெரிந்தது. கோமதி கையை உதறிக்கொண்டு, "ஹா! மாமியார்னதும் என்னா ஸ்பீடு!" என்று கத்தினாள். மாடியில் யாரோ கைதட்டினார்கள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது, கட்டிக்கொண்டேன்.

ஞாயிறு காலை எட்டு மணி, சாலாக் செலாத்தான். ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டேன். சுவரோரம் இருபது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். லியோங் பட்டையை மாட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றார். "ரெடி ஆ...?" என்று கேட்க வாயெடுத்தார். பட்டை லேசாகத் திரும்பியது. குத்திவிட்டேன். பட்டையோடு அவர் கை அவர் நெஞ்சிலேயே மோத, மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது.

"ஐயோ! நான் இன்னும் ஆரம்பிக்கலே லா!"

"பட்டை தொறந்துச்சுங்க, சிஃபு."

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பட்டையை இறுக்கிக் கட்டினார். "இது கணக்கு இல்லே. புதுசா அஞ்சு."

"தொறங்க" என்றேன். அவரிடம் அப்படிப் பேசக் கூடாதுதான். என் வாயும் அன்று உத்தரவு கேட்கவில்லை.

முதலாவது விழுந்தது. இரண்டாவது காற்று. மூன்றாவது விழுந்தது. நான்காவதைப் பாதி திறந்து ஏமாற்றினார், ஏமாந்தேன். ஐந்தாவதுக்கு நெடுநேரம் காக்க வைத்தார். கோமதி பின்னால் இருமினாள், யாரோ நாற்காலியை இழுத்தார்கள், லியோங்கின் உதடு அசைந்தது. நான் பட்டையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். அது திறந்தபோது என் கை அங்கே இருந்தது.

கறுப்புப் பட்டையை லியோங்கே என் இடுப்பில் கட்டிவிட்டார். கோமதி போய் மேளத்தை அடித்து அந்தக் கட்டடத்தையே அதிரவைத்தாள். கீழே இரும்புக் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று மாடியேறி வந்துவிட்டார்.

மாலை விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். ஊருக்குப் போனால் அதே மைதானம், அதே விசில். ஆனாலும் செவ்வாய்க்கிழமை இங்கே இறங்கியவளை நினைத்தால் எனக்குப் பாவமாக இருந்தது. அப்போது நான் அனுப்பிய சேதிக்கு மாஸ்டரிடமிருந்து குரல் பதிவு வந்தது. "ரொம்ப சந்தோஷம்மா. நம்ம பள்ளிக்கே பெருமை. கிளாஸ் ஆரம்பிக்கிறதுக்கு மட்டும் அவசரப்படாத. தை பொறக்கட்டும், நாள் பாத்து நானே சொல்றேன்."

நல்ல மனிதர். அவர் இல்லாமல் நான் இல்லை. இரண்டாவது முறை கேட்காமலே பதில் தட்டினேன்:

"மாஸ்டர், வர்ற புதன்கிழமை காலைல ஆறு மணிக்கு முதல் கிளாஸுங்க. நம்மூர் கல்யாண மண்டபத்து மாடிய ஃபோன்ல பேசியாச்சு, பிள்ளைங்களோட அம்மாக்களுக்கு ஏர்போர்ட் ரயில்ல வரும்போதே சொல்லிட்டேன். நீங்க வந்து விளக்கேத்தி வெக்கணும்."